வேலியும் தடமும்

கல்யாணப் பத்திரிகை ஒன்று வாட்ஸ்அப்பில் நாலைந்து கை மாறி வந்து சேர்ந்திருக்கும். அதை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தால், மணமகன் பெயரில் உள்ள 'ழ'கரத்தின் சுழியைச் சுற்றி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், அழுக்குத் தண்ணீர் தெறித்தாற்போல் சாம்பல் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும். சிவப்பு எழுத்தின் ஓரம் மஞ்சள் பின்னணிக்குள் கசிந்திருக்கும். அது ஜேபெக் கோப்பு. அதையே பிஎன்ஜி கோப்பாக, படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பியிருந்தால் எழுத்தின் விளிம்பு கத்தியால் நறுக்கியது போல நின்றிருக்கும். புகைப்படத்துக்கு ஜேபெக், எழுத்துக்கும் லோகோவுக்கும் பிஎன்ஜி, அசையும் படத்துக்கு ஜிஃப் என்று கணினி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் இந்த மூன்று மட்டும் ஏன் நிலைத்தன, ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன பலமும் இன்னின்ன ஊனமும் ஏன் அமைந்தன என்று கேட்டால் அந்தப் பாடத்தில் பதில் கிடையாது. கணிதம் அந்தக் கதையில் பாதிதான். மீதியைக் காப்புரிமை அலுவலகத்தின் தாள்களில் தேட வேண்டியிருக்கிறது. ஒரு கோப்பு வடிவம் உலகப் புழக்கத்துக்குள் நுழைவதை அதன் தரத்தைவிட, அதற்கு யாராவது வேலி கட்டியிருக்கிறார்களா என்பதுதான் பெரும்பாலும் தீர்மானித்தது என்பது என் வாதம்.

ஜேபெக்கின் கணிதம் ஏறக்குறைய வேலியில்லாத நிலத்தில் விளைந்தது. 1940-ல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, படத்தைக் கொசைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கும் முறை ஒன்றை ஆராய 1972-ல் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று எண்ணிவிட்டார்கள் என்பது அவரே பின்னாளில் எழுதியது. நிதி இல்லாமலே வேலை நடந்தது. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் 64 புள்ளிகளையும் இந்த முறையில் 64 அலைகளாக மாற்றுகிறது. கண்ணுக்கு எளிதில் படாத நுண்ணிய அலைகளின் எண்களைத் தோராயமாக்கி எழுதுகிறது. பல சுழியமாகிவிடும், கோப்பு சுருங்கிவிடும். மேகமும் முகமும் வயலும் இதைத் தாங்கும், ஏனென்றால் அவற்றில் நிறம் படிப்படியாக மாறுகிறது. கருப்பு எழுத்து வெள்ளைத் தாளோடு சட்டென்று முட்டும் விளிம்பை வரைய நுண்ணிய அலைகள்தான் வேண்டும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டதால் மிச்சமுள்ள அலைகள் விளிம்பைத் தாண்டித் ததும்புகின்றன. 'ழ'கரத்தைச் சுற்றி மொய்க்கும் புள்ளிகள் அந்தத் ததும்பல். ஒவ்வொரு கை மாறும்போதும் மீண்டும் ஒருமுறை சுருக்கப்படுவதால் அழுக்கின் மேல் அழுக்கு சேர்கிறது.

இதுவரை கணிதம். 1986-ல் கூடிய வல்லுநர் குழு 1992-ல் முடித்துக் கொடுத்த ஜேபெக் தரநிலையைப் படித்தால் ஒரு விநோதம் தெரியும். அலைகளின் எண்களைக் கடைசியாகப் பொட்டலம் கட்ட அதில் இரண்டு வழிகள் எழுதப்பட்டிருக்கின்றன: ஒன்று 1952-லிருந்து புழக்கத்தில் உள்ள ஹஃப்மன் குறிமுறை, மற்றது எண்கணிதக் குறிமுறை. இரண்டாவதில் கோப்பு 5 முதல் 10 விழுக்காடு வரை மேலும் சிறிதாகும், படத்தின் தரம் ஒரு துளியும் குறையாது. ஆனாலும் உங்கள் கேமராவோ போனோ அந்த இரண்டாவது வழியில் ஒரு படத்தைக்கூடச் சேமித்ததில்லை. ஐபிஎம், ஏடி அண்ட் டி, மிட்சுபிஷி ஆகிய நிறுவனங்களின் காப்புரிமைகள் அதன் குறுக்கே கிடந்தன. கட்டணமில்லாமல் யாரும் செய்துகொள்ளக்கூடிய அடிப்படை வடிவம் ஒன்று வேண்டும் என்பது குழுவின் நோக்கம், அதனால் ஹஃப்மன் அடிப்படையாயிற்று. டாம் லேன் ஒருங்கிணைத்த தன்னார்வக் குழு ஒன்று 1991 அக்டோபரிலேயே, தரநிலை அச்சேறும் முன்பே, ஜேபெக்கைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த நிரலை இலவசமாக வெளியிட்டது. அதன் பெயர் லிப்ஜேபெக். மென்பொருள் எழுதியவர்கள் தரநிலையைப் படித்துப் புரிந்துகொண்டு மல்லுக்கட்டவில்லை. இந்த நிரலை எடுத்துச் செருகிக்கொண்டார்கள். சட்டச் சிக்கலுக்கு அஞ்சி அந்த நிரலும் எண்கணிதக் குறிமுறையை விட்டுவிட்டது. ஆக, நடைமுறையில் ஜேபெக் என்பது காகிதத்தில் உள்ள தரநிலை அல்ல, வழக்கறிஞர்கள் வராத மூலைவரை மட்டும் கட்டப்பட்ட வீடு.

எதிர்த்திசையில் நடந்தது ஜிஃப். (இதைச் சொல்ல வேண்டியது 'ஜிஃப்' என்றா 'கிஃப்' என்றா என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஆண்டுக்கணக்காக அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் எழுத்தில் அந்தச் சண்டையை மறைத்துவைக்க முடியும். நம் எழுத்தில் முதல் எழுத்தை எழுதியவுடனே கட்சி தெரிந்துவிடுகிறது. அதைப் படைத்த ஸ்டீவ் வில்ஹைட் ஜகரத்தின் பக்கம் நின்றார். நானும் அங்கேயே நிற்கிறேன்.) ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்த கம்ப்யூசர்வ் நிறுவனம், தொலைபேசிக் கம்பி வழியே மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி இணைப்புக் கொடுத்துவந்தது. மோடம் நொண்டியடித்த காலம். வாடிக்கையாளர்களிடம் இருந்ததோ ஒன்றோடொன்று ஒட்டாத பல வகைக் கணினிகள். எல்லாவற்றிலும் திறக்கும், சீக்கிரம் இறங்கும் ஒரு வண்ணப்பட வடிவம் தேவைப்பட்டது. 1987 ஜூனில் ஜிஃப் வந்தது. ஒரு படத்துக்கு 256 நிறங்களுக்கு மேல் கிடையாது. அன்றைய திரைகளில் பலவற்றால் அத்தனையைக்கூடக் காட்ட முடியாது என்பதால் அதை யாரும் குறையாக எண்ணவில்லை. வடிவத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கம்ப்யூசர்வ் தாராளமாக அறிவித்தது. தான் தானம் கொடுப்பது தன் நிலம்தானா என்று மட்டும் அது பார்க்கவில்லை.

ஜிஃப்புக்குள் இருந்த சுருக்கல் முறைக்குப் பெயர் எல்இசட்டபிள்யூ. லெம்பெல், ஜிவ் என்ற இரு இஸ்ரேலிய அறிஞர்கள் 1978-ல் வெளியிட்டதை டெர்ரி வெல்ச் மெருகேற்றி 1984-ல் கணினி இதழ் ஒன்றில் கட்டுரையாக எழுதினார். படித்தவர்கள் எல்லாரும் அதைப் பொதுச்சொத்து என்று நினைத்தார்கள். ஆனால் வெல்ச் வேலை பார்த்த ஸ்பெர்ரி நிறுவனம் 1983 ஜூனிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. 1985-ல் அது கிடைத்தும்விட்டது. அடுத்த ஆண்டு ஸ்பெர்ரி வேறொரு நிறுவனத்தோடு இணைந்து யூனிசிஸ் ஆனபோது காப்புரிமையும் சீதனம் போலக் கூடவே போயிற்று. (அதே 1983 ஜூனில் ஐபிஎம்மும் ஏறக்குறைய இதே முறைக்கு விண்ணப்பித்து, அதற்கும் பின்னால் காப்புரிமை கொடுக்கப்பட்டது. ஒரே மனைக்கு இரண்டு பட்டா.) 1994 டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், யூனிசிஸ்ஸும் கம்ப்யூசர்வும் சேர்ந்து அறிவித்தன: ஜிஃப்பைக் கையாளும் மென்பொருள் எழுதுவோர் இனி உரிமம் பெற்றுப் பணம் கட்ட வேண்டும். அதற்குள் ஜிஃப்புக்கு ஏழரை வயது. உலகளாவிய வலைத்தளங்களின் அம்புக்குறியும் பொத்தானும் கோடும் எல்லாம் ஜிஃப்பாக இருந்தன.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை. 1995 ஜனவரி 4 அன்று தாமஸ் பூடெல் புதிய வடிவம் ஒன்றின் வரைவை யூஸ்நெட் என்ற இணைய விவாதக் களத்தில் போட்டார். பின்னால் பிஎன்ஜி என்று பெயர் பெற்றது இதுதான். நேரில் சந்தித்துக்கொள்ளாத பலர் மின்னஞ்சலிலேயே விவாதித்து அதைத் திருத்தினார்கள். லிப்ஜேபெக்கின் டாம் லேனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். எல்இசட்டபிள்யூவின் இடத்தில் டிஃப்ளேட் என்ற முறையை வைத்தார்கள், காப்புரிமைத் தொல்லை இல்லாதது என்பதற்காக. அது பெரும்பாலும் எல்இசட்டபிள்யூவை விடக் கொஞ்சம் நன்றாகவே சுருக்கியது தற்செயலாகக் கிடைத்த லாபம். இந்த வடிவத்தின் வாசற்படியை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். எந்த பிஎன்ஜி கோப்பும் இந்த எட்டு எண்களோடுதான் தொடங்கும்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி என்ற எழுத்துகள். முதலில் உள்ள 137, ஏழு பிட்டுக்குள் அடங்காத எண். எட்டாவது பிட்டை விழுங்கிவிடும் பழைய இணைப்பு வழியாகக் கோப்பு வந்திருந்தால் இந்த எண் மாறிப்போய்த் திருட்டு வெளியாகிவிடும். அடுத்துள்ள 13, 10 விண்டோஸ் பாணி வரிமுடிவு. கடைசி 10 யூனிக்ஸ் பாணி வரிமுடிவு. கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பு என்று எண்ணி ஏதாவது ஒரு மென்பொருள் வரிமுடிவை மாற்றியிருந்தால் இரண்டில் ஒன்று காட்டிக்கொடுக்கும். இடையில் உள்ள 26, டாஸ் திரையில் யாராவது தவறிப்போய்க் கோப்பைக் கொட்டினால் குப்பை ஓடாமல் அங்கேயே நிறுத்தும். எட்டே பைட்டில் இத்தனை முன்யோசனை! முறிந்த கோப்பும் அரைகுறைப் பரிமாற்றமும் அன்றாடத் தொல்லையாக இருந்தவர்களின் கை வேலை இது.

1996 அக்டோபரில் பிஎன்ஜி வலைக் கூட்டமைப்பின் பரிந்துரை ஆயிற்று. இன்று நாம் அதன் இயல்பு என்று பட்டியலிடும் இழப்பின்மை, முழு நிறம், படிப்படியாகத் தேயும் டிரான்ஸ்பரன்ட் பின்னணி ஆகிய எல்லாமே அந்த ஜனவரிக் கோபத்தின் பிள்ளைகள். யூனிசிஸ் அறிவிப்பு வராமல் போயிருந்தால் ஜிஃப்பே நிறங்களைப் பெருக்கிக்கொண்டு இன்னொரு பதிப்பு கண்டிருக்கும் என்று நம்பக் காரணம் உண்டு. ஆக, 'ஜிஃப்புக்கும் பிஎன்ஜிக்கும் உள்ள வேறுபாடுகள்' என்ற தேர்வுக் கேள்வியே ஒரு சட்டத் தகராறு விட்டுச்சென்ற தழும்பு.

இங்கே என் வாதத்துக்கு மிகப் பலமான மறுப்பு எழுகிறது. காப்புரிமைதான் தீர்மானிக்கிறது என்றால் ஜிஃப் செத்திருக்க வேண்டுமே? 1999-ல், உரிமம் பெறாத மென்பொருளில் செய்த ஜிஃப்பைப் போட்டிருக்கும் வலைத்தளங்களிடம் 5,000 டாலர் கேட்கும் அளவுக்கு யூனிசிஸ் போனது. அந்த ஆண்டு நவம்பர் 5-ஐ ஜிஃப்புகளை எரிக்கும் நாளாக அறிவித்துப் போராட்டமும் நடந்தது. ஜிஃப் எரியவில்லை. மறுப்பு நியாயமானது, அதற்காக வாதத்தைத் திருத்திக்கொள்வதுதான் முறை. ஊரில் ஒரு தரிசு நிலத்தின் குறுக்கே மக்கள் நடக்கத் தொடங்கும் முன்பே வேலி போட்டால் சுற்றிப் போய்விடுவார்கள். பத்து வருடம் நடந்து தடம் விழுந்த பிறகு பட்டாவோடு வந்து நின்றால் திட்டிக்கொண்டே அதே வழியில்தான் நடப்பார்கள். காப்புரிமையின் பலமும் நுழைவாயிலில்தான். ஜிஃப்பின் வாயிலில் யாரும் நிற்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து வந்த காவலாளியால் கட்டணம் வசூலிக்க முடிந்தது, ஆளை வெளியேற்ற முடியவில்லை. அதோடு பிஎன்ஜியை ஆக்கியவர்கள் ஒரு கோப்புக்கு ஒரே படம் என்று முடிவெடுத்து அசைவை வெளியே விட்டார்கள். அதே சமயத்தில் நெட்ஸ்கேப் உலாவி ஜிஃப்பை ஓயாமல் சுற்றி ஓடவைக்கக் கற்றுக்கொண்டது. பிஎன்ஜியின் மென்மையான டிரான்ஸ்பரன்ட் விளிம்பையும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2006-ல் ஏழாம் பதிப்பு வரும்வரை சரியாகக் காட்டவில்லை. அதற்குள், 2003 ஜூன் 20 அன்று, யூனிசிஸ்ஸின் அமெரிக்கக் காப்புரிமை தானாகவே காலாவதி ஆகிவிட்டது.

ஜேபெக்குக்கும் இதே சோதனை வந்தது, தாமதமாக. 2002-ல் ஃபோர்ஜன்ட் என்ற நிறுவனம், தான் முன்பு வாங்கிய ஒரு கம்பெனியின் பெட்டியில் கிடந்த 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமையைக் காட்டி, ஜேபெக் பயன்படுத்தும் எல்லாரும் பணம் கட்ட வேண்டும் என்றது. பெரிய கேமரா நிறுவனங்கள் உட்படப் பலரிடமிருந்து பத்துக் கோடி டாலருக்கு மேல் தேறியது. 2006-ல் காப்புரிமை அலுவலகம் மறு ஆய்வில் அதன் முக்கியமான உரிமைக் கோரல்களை ஏற்க மறுத்தது, வழக்குகள் சமரசத்தில் அடங்கின. அந்த நான்கு வருடத்தில் ஜேபெக் படங்களின் எண்ணிக்கை குறைந்ததாகச் சொல்ல யாரிடமும் சான்று இல்லை. இதற்கு நேர்மாறான சான்று எண்கணிதக் குறிமுறை. அதன் காப்புரிமைகள் தீர்ந்த பிறகு, 2009-ல், லிப்ஜேபெக் அதைச் சேர்த்துக்கொண்டது. கதவு திறந்தாயிற்று, ஆனால் யாரும் நுழையவில்லை. உலகத்தின் கேமராவும் உலாவியும் அதற்குள் ஹஃப்மனை மட்டும் படித்துப் பழகியிருந்தன. 7 விழுக்காடு இடத்தை மிச்சம் பிடிக்க, பாதிப் பேருக்குத் திறக்காத படத்தை எவர் அனுப்புவார்?

ஜேபெக்கின் வாரிசாக 2000-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த ஜேபெக் 2000 தோற்றதற்கு வேறு காரணம் சொல்வார்கள்: கொசைன் அலைகளுக்குப் பதில் அது பயன்படுத்தும் வேவ்லெட் கணக்கு அன்றைய கணினிகளுக்குப் பாரம், கிடைத்த லாபமோ கொஞ்சம். இதை நான் மறுக்கவில்லை. எங்கோ மறைந்திருக்கும் காப்புரிமை பற்றிய அச்சம் அந்தத் தயக்கத்தைக் கூட்டியது, அவ்வளவுதான். ஆனால் பாரம் மட்டுமே காரணம் என்றால் அது எங்குமே பிழைத்திருக்கக் கூடாது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கூடி 2005-ல் வகுத்த டிஜிட்டல் சினிமா நெறிப்படி, திரையரங்குக்கு வரும் படத்தின் ஒவ்வொரு பிரேமும் தனித்தனி ஜேபெக் 2000 படம், நொடிக்கு 24. அந்த நெறிப்படி டிசிபி என்ற டிஜிட்டல் பொதியாக வரும் தமிழ்ப் படமும் இப்படித்தான் திரையில் விழுகிறது. அனுப்புபவர், பெறுபவர், இடையில் உள்ள சர்வர், புரொஜெக்டர் எல்லாம் ஒரே ஒப்பந்தத்துக்குள் அடங்கிய மூடிய சங்கிலி அது. யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்ற கவலையே அங்கு இல்லை. மருத்துவமனையின் ஸ்கேன் படங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் அது வாழ்வதும் இதனால்தான்.

அண்மைக்கால வரலாறு இதே நாடகத்தை வேகமாக ஓட்டிக்காட்டுகிறது. 2017-ல் ஐபோன்கள் ஹெச்இஐசி என்ற வடிவத்தில் படம் சேமிக்கத் தொடங்கின. ஜேபெக்கில் ஆகும் இடத்தில் ஏறக்குறைய பாதி போதும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் ஹெச்இவிசி காணொளிச் சுருக்கலுக்குக் காப்புரிமைக் கூட்டணி ஒன்றல்ல, பல. யாருக்கு எவ்வளவு கட்டுவது என்பதே தனி வழக்கு. ஆப்பிளின் வளாகத்துக்குள் அது செழிக்கிறது. வெளியே எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் தேர்வு விண்ணப்பத்துக்குப் போட்டோ ஏற்ற வருபவரிடம் 'ஜேபிஜியா மாத்திக்கிட்டு வாங்க' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். இந்தக் கட்டணக் குழப்பத்துக்குப் பதிலாக, ராயல்டி இல்லாத ஏவி1 சுருக்கலைக் கொண்டு 2019-ல் ஏவிஃப் வந்தது. யூனிசிஸ்ஸுக்குப் பதில் பிஎன்ஜி என்றால் ஹெச்இவிசிக்குப் பதில் ஏவிஃப். ஒரு வேறுபாடு: பிஎன்ஜியை மின்னஞ்சலில் கூடிய தனிமனிதர்கள் செய்தார்கள், ஏவிஃப்பின் பின்னால் நிற்பவை உலகின் பெரும் பணக்காரக் கம்பெனிகள்.

இலவசமாக இருந்தால் போதுமா என்றால், போதாது. கூகுள் 2010-ல் கட்டணமின்றிக் கொடுத்த வெப்பி என்ற பட வடிவம், ஆப்பிளின் சஃபாரி உலாவிக்குள் நுழைய 2020 வரை காத்திருந்தது. ஜேபெக் எக்ஸ்எல் என்ற புதிய வடிவத்தின் கதை இன்னும் கசப்பு. ராயல்டி கிடையாது, பழைய ஜேபெக் கோப்பை ஒரு பிட்கூட இழக்காமல் ஐந்தில் ஒரு பங்கு சுருக்கி, வேண்டும்போது அச்சு அசலாகத் திருப்பித் தரவும் அதற்குத் தெரியும். 2022 அக்டோபரில் போதிய ஆர்வம் தெரியவில்லை என்று சொல்லி கூகுளின் குரோம் உலாவிக் குழு அதை நீக்க முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு சஃபாரி அதைச் சேர்த்துக்கொண்டது. காப்புரிமைக்காரர் நின்ற வாயிலில் இப்போது உலாவிக்காரர் நிற்கிறார். வேலி இல்லாதிருப்பது நுழையத் தேவையான தகுதி; நுழைந்தே தீரும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. என் வாதத்தின் எல்லை இதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அசைவை வெளியே விட்ட பிஎன்ஜி அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள முப்பது ஆண்டு ஆயிற்று: 2025 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அசையும் பிஎன்ஜி அதிகாரபூர்வமாக இடம்பெற்றது. ஜிஃப்பின் விதி வேறு மாதிரி. 2014-ல் ட்விட்டர் அசையும் ஜிஃப்புகளை ஏற்கத் தொடங்கியபோது, ஏற்றப்பட்ட ஒவ்வொன்றையும் உள்ளே எம்பி4 காணொளியாக மாற்றிவிட்டு, மூலையில் 'ஜிஃப்' என்ற முத்திரையை மட்டும் ஒட்டியது. வாட்ஸ்அப்பில் ஜிஃப் பொத்தானை அழுத்தி ஒரு வடிவேலு முகபாவத்தை அனுப்பும்போதும் போவது சத்தமில்லாத காணொளிதான். எல்இசட்டபிள்யூ அதில் ஒரு பைட்டும் இல்லை.